"நான் மக்கும்மா, விடு" – வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளின் வாசிப்பு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வார்த்தை: மக்கு. சில இடத்தில் டீச்சர் சொன்னது, சில இடத்தில் சொந்தக்காரர்கள் சொன்னது, நிறைய இடத்தில் பிள்ளையே தன்னைச் சொல்லிக்கொண்டது. முப்பத்தோரு வருடம் ஆரம்பப் பள்ளியில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்த வார்த்தையைப் பார்த்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. ஆறு கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

என் மகன் ஐந்தாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தில் நாலு வரி சேர்ந்தாற்போல் வாசிக்க வராது. புத்தகத்தை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்பான். "நான் மக்கும்மா, விடு" என்கிறான். தன்னம்பிக்கை இல்லாததுதான் பிரச்சினை, பாராட்டிக்கொண்டே இருங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். மூன்று மாதமாக "சூப்பர்டா, நீ கெட்டிக்காரன்டா" என்று சொல்லிப் பார்த்தேன். போன வாரம் "பொய் சொல்லாதம்மா" என்று அழுதுவிட்டான். – ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பையன் சொன்னது சரிதான் அம்மா. அவனுக்குத் தெரிகிறது. வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகள், பக்கத்தில் இருப்பவன் கடகடவென்று வாசிக்கிறான், தன் முறை வந்ததும் தொண்டை அடைக்கிறது, இது தினம் நடக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் வீட்டில் வந்து கெட்டிக்காரன் என்றால், அம்மாவுக்கு என் நிலைமை தெரியவில்லை, அல்லது தெரிந்தும் மறைக்கிறாள், இரண்டில் ஒன்று என்றுதான் அவன் நினைப்பான்.

உங்களுக்கு யோசனை சொன்னவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் உலகமே அப்படித்தான் நம்பியது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில அரசு 1986-ல் தன்மதிப்பை வளர்க்க என்றே ஒரு குழு போட்டது. பிள்ளைக்குத் தன்னைப் பற்றி நல்ல எண்ணம் வந்துவிட்டால் படிப்பும் தானாக வரும் என்று எண்ணினார்கள். அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் ராய் பாமைஸ்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003-ல் அலசிப் பார்த்தபோது, தன்மதிப்பை மட்டும் ஏற்றிவிட்டால் மார்க் ஏறும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை; நன்றாகச் செய்த பிறகு தன்மதிப்பு கொஞ்சம் ஏறுகிறது என்பதைத்தான் கண்டார்கள். அதாவது வாசிப்பு முன்னே வரணும், நம்பிக்கை அதன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும்.

"கெட்டிக்காரன்" என்ற வார்த்தையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. முல்லர், கேரல் ட்வெக் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளோடுதான், ஐந்தாம் வகுப்பு. சிலரை "நீ புத்திசாலி" என்று பாராட்டினார்கள், சிலரை "நன்றாக முயற்சி செய்தாய்" என்று பாராட்டினார்கள். அப்புறம் வேண்டுமென்றே கஷ்டமான புதிர்களைக் கொடுத்து எல்லாரையும் தடுமாற வைத்தார்கள். புத்திசாலி என்று பேர் வாங்கிய பிள்ளைகள் அதற்குப் பிறகு சுலபமானதில்கூடப் பின்தங்கினார்கள். தடுமாறினால் புத்திசாலி என்ற பேர் போய்விட்டதே என்ற பயம். உங்கள் மகன் நாலு வரிக்குள் மூன்று தடவை தடுமாறுகிறவன். அவனுக்கு அந்தப் பேர் எத்தனை நிமிஷம் நிற்கும்?

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், நாலாம் வகுப்பு. எழுப்பிவிட்டால் வரிக்குக் கீழே விரல் வைத்து அழகாக வாசிப்பான். ஒருநாள் தற்செயலாக ரெண்டு பக்கம் சேர்ந்து புரண்டுவிட்டது. அவன் விரல் புதுப் பக்கத்தில் ஓடுகிறது, வாய் பழைய பக்கத்தைச் சொல்லிக்கொண்டு போகிறது. மற்றவர்கள் வாசிக்கக் கேட்டே பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்திருக்கிறான்! வாசிக்கத் தெரியாது என்பதை மறைக்க அந்தப் பிள்ளை எவ்வளவு உழைத்திருக்கிறான் என்று நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகக் கூப்பிட்டு இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தேன். தொட மாட்டேன் என்றான். அட்டையில் '2' என்று இருக்கிறதே, யாராவது பார்த்துவிட்டால்? பிரவுன் ஷீட்டில் அட்டை போட்டு, லேபிளில் அவன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

நீங்களும் அந்த அட்டையிலிருந்து தொடங்குங்கள். ஐந்தாம் வகுப்புப் பாடத்தைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். இருபது சொல்லுக்கு ஒரு சொல்லில் மட்டும் தடுமாறுகிற அளவுக்கு எளிதான கதை ஒன்றைத் தேடுங்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒவ்வொன்றும் எந்த நிலை என்று போட்டிருக்கும். எங்கே தடுமாறுகிறான் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள், அவன் கண்ணில் படாமல். மொத்தம் 247 எழுத்து என்று நாம் மலைக்கிறோமே, பிள்ளைகள் சிக்குகிற இடம் அதில் கொஞ்சம்தான். கொ, கோ, கௌ மாதிரி எழுத்துகளில் குறி முன்னாலும் நிற்கும் பின்னாலும் நிற்கும், கண் முன்னே போய்த் திரும்பி வரணும். கு, சு, து மூன்றும் ஒரே உகரம், ஆனால் ஒவ்வொன்றிலும் குறி ஒவ்வொரு மாதிரி. ஒரு வாரம் ஒரு சிக்கலை மட்டும் எடுங்கள்.

ஒரே கதையை நாலு நாள் வாசிக்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசித்தால் சரளம் வரும் என்று சாமுவேல்ஸ் என்பவர் 1979-லேயே எழுதினார்; வகுப்பில் நானும் எத்தனையோ தடவை கண்ணால் பார்த்தேன். முதல் நாள் வாசித்ததை போனில் ரெக்கார்டு செய்து வையுங்கள், நாலாம் நாள் வாசித்ததையும். ரெண்டையும் அவனையே கேட்கச் சொல்லுங்கள். அதன் பிறகு நீங்கள் சொல்லவேண்டியது ஒன்றுதான்: "திங்கட்கிழமை 'கொக்கு' என்ற இடத்தில் நின்னே, இன்னைக்கு நிக்காமப் போயிட்டே." இதை அவன் பொய் என்று சொல்ல முடியாது.

தினம் பதினைந்து நிமிஷம் போதும். நன்றாகப் போகிறதே என்று இழுக்காதீர்கள். நின்றுவிட்டால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், வரவில்லை என்றால் அந்தச் சொல்லை நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள். "எத்தனை தடவை சொல்றது" என்ற வாக்கியம் மட்டும் அந்த நேரத்தில் வாயில் வரக் கூடாது, அத்தை மகள் வாங்கிய மார்க்கும்.

பேரன் இரண்டாம் வகுப்பு. "குருவி பறந்து வந்தது" என்று இருந்தால் "குருவி பறந்து வந்துச்சு" என்று வாசிக்கிறான். ஒவ்வொரு தடவையும் நிறுத்தித் திருத்துகிறேன். இப்போது என் பக்கத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறான். – வாசகர், கும்பகோணம்

ஐயா, சந்தோஷப்படுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு இந்தத் தப்பு வராது. எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, அதைத் தன் வீட்டுத் தமிழில் சொல்கிறான். குருவி வந்தது அவனுக்குப் புரிந்துவிட்டது. "வந்தது" என்பதை "வந்து" என்றோ "வாத்து" என்றோ வாசித்துவிட்டு அர்த்தம் வருகிறதா என்றே பார்க்காமல் போகிற பிள்ளையைப் பற்றித்தான் நாம் கவலைப்படணும்.

நம் பிள்ளைகள் பேசுகிற தமிழ் ஒன்று, புத்தகத் தமிழ் வேறு. பள்ளிக்கூடம் போகிற வயதில் ஏறத்தாழ இன்னொரு பாஷையைப் படிக்கிறார்கள். "வந்துச்சு தப்பு" என்று அழுத்திச் சொன்னால், அம்மா தப்பாகப் பேசுகிறாள், பாட்டி தப்பாகப் பேசுகிறாள், எங்கள் வீடே தப்பு என்றுதான் ஏழு வயசுப் பிள்ளையின் காதில் விழும். பக்கம் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை, "நாம 'வந்துச்சு'ன்னு சொல்வோம், புத்தகத்துல 'வந்தது'ன்னு எழுதுவாங்க" என்று சொன்னால் போதும். அப்புறம் அதே வரியை நீங்கள் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.

அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் 1999-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள், பழக்கப்படுத்திய நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் வாசிப்பது. அது இன்று பல ஊர்களில் நடக்கிறது. நாய் திருத்தாது, அவசரப்படுத்தாது, கேட்டுக்கொண்டே படுத்திருக்கும், பிள்ளைக்கு அது போதும். ஒரு மாதம் நீங்களும் கேட்கிறவராக மட்டும் இருந்து பாருங்கள் ஐயா. குருவி அப்புறம் எங்கே போச்சு என்று கதையைக் கேளுங்கள். திரும்பி வந்து உட்காருவான்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். வரிசையாக எழுப்பி வாசிக்க வைத்தால், திக்குகிறவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிறார்கள். சத்தமாக வாசிப்பதையே நிறுத்திவிடலாமா? இன்னொன்று, அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் தொடக்க நிலையான அரும்பில் இருப்பவர்கள் "நாங்க அரும்பு" என்று தாங்களே ஒதுங்கிப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். – ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

வரிசையாக எழுப்புவதை நிறுத்துங்கள், சத்தமாக வாசிப்பதை நிறுத்த வேண்டாம். எழுப்பும்போது கடைசி பெஞ்சுப் பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். எத்தனை பேர் தாண்டித் தன் முறை, எந்தப் பத்தி தனக்கு விழும் என்று எண்ணிக்கொண்டே இருப்பான். முன்னால் வாசிக்கிற ஒரு வரியும் அவன் காதில் ஏறாது. எல்லாரும் சேர்ந்து வாசிப்பதில் தொடங்கலாம், அப்புறம் ரெண்டு ரெண்டு பேராக. தனியாக வாசித்தே ஆகவேண்டும் என்றால் முந்தின நாளே, "நாளைக்கு நீ இந்த மூணு வரி" என்று சொல்லி அனுப்புங்கள். தயாராகி வந்து வாசிப்பதில் ஏமாற்று எதுவும் இல்லை. செய்தி வாசிப்பவர்களே முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தானே வாசிக்கிறார்கள்? சிரிப்பு விஷயத்தில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்கணும். சிரித்தவனைத் திட்டினால் திக்கியவனுக்கு இன்னும் அவமானம், அதனால் அந்த இடத்தில் வேண்டாம், அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

நிலை வாரியாகப் பிரிப்பது சரியான வழிதான். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் இந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வயசைப் பார்க்காமல் பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கற்றுக்கொடுப்பதை பிரதம் என்ற தொண்டு அமைப்பு அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே செய்துவருகிறது. 2000-களின் தொடக்கத்தில் மும்பையிலும் வடோதராவிலும், அந்தந்தப் பகுதி இளம்பெண்கள் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தபோது பலன் இருந்ததை அளந்து காட்டியவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உண்டு. பின்னால், 2019-ல், மைக்கேல் கிரேமரோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கிய அதே இருவர்.

ஆனால் நிலை என்பது பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கணும், ஏறிப் போவதற்கு. மூன்று மாதமாக அரும்பில் இருந்து ஒரு பிள்ளையும் அடுத்த நிலையான மொட்டுக்கு நகரவில்லை என்றால் அது தனிப் பந்தியாகிவிட்டது என்று அர்த்தம். கல்யாண வீட்டில் தனிப் பந்தி போட்டால் பெரியவர்களுக்கே எப்படி இருக்கும்? "நீ அரும்பு" என்ற பேச்சே வகுப்பில் வேண்டாம், "இன்னைக்கு உனக்கு இந்த அட்டை" என்று சொல்லுங்கள். வாசிப்பு நேரம் முடிந்ததும் குழுவைக் கலைத்துவிடுங்கள். பாட்டு, படம் வரைதல், மதியச் சாப்பாடு எல்லாவற்றிலும் கலந்து உட்காரட்டும். அரும்பில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு மாட்டைப் பற்றி ஊரிலேயே அதிகம் தெரிந்திருக்கும், அவனை எழுப்பிச் சொல்லச் சொல்லுங்கள், அவன் சொன்னதைக் கரும்பலகையில் எழுதுங்கள். தன் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் அதை அவனால் வாசிக்க முடியும். வாசித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான் பாருங்கள், அந்த முகத்துக்காகவே நான் இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தேன்.

தள்ளிப்போட மட்டும் வேண்டாம் டீச்சர். வாசிக்கத் திணறுகிற பிள்ளை குறைவாக வாசிக்கிறது, குறைவாக வாசிப்பதால் சொல்வளம் ஏறவில்லை, அதனால் அடுத்த வருஷப் பாடம் இன்னும் கஷ்டம். வாசிப்பை ஆராய்ந்த கீத் ஸ்டானோவிச் 1986-லேயே விளக்கிய கதை இது. மூன்றாம் வகுப்பில் ஒரு சாண் இடைவெளி, எட்டாம் வகுப்பில் ஒரு முழம்.

எட்டாவது வரைக்கும் எல்லாரையும் பாஸ் போடுவதால்தான் இந்த நிலைமை. ரெண்டு தடவை பெயிலாக்கினால் தானாகப் படிப்பார்கள். உங்கள் கருத்து என்ன? – வாசகர், கரூர்

உங்கள் கோபம் நியாயமானது, மருந்து தப்பு. வாசிக்கக் கற்றுக்கொடுக்காமலே அடுத்த வகுப்புக்குத் தள்ளுவது அநியாயம்தான். பிரதமின் அசர் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் கிராமப்புறத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் 50.5 சதவீதம், 2022-ல் 42.8 சதவீதம். மீதிப் பேரையெல்லாம் பெயிலாக்கி என்ன செய்வது? எந்தப் பாடம் போன வருஷம் புரியவில்லையோ அதே பாடத்தை, அதே மாதிரி, தம்பி தங்கை வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இன்னொரு வருஷம் கேட்பான், அவ்வளவுதான். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் பெயிலாக்குவதைத் தடுத்தது, அப்புறம் சட்டத்தைத் திருத்தி, 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை, அதில் எனக்கு நிம்மதி. ஆண்டுக் கடைசியில் பெயில் என்று எழுதுகிற பேனாவை ஜூலையிலேயே எடுத்து, யாருக்கு வாசிக்க வரவில்லை என்று பட்டியல் எழுதினால் நல்லது.

மகள் நாலாம் வகுப்பு. கதை சொன்னால் அத்தனை அழகாகச் சொல்வாள், வாசிப்பதும் எழுதுவதும் மட்டும் வரவில்லை. எழுத்து இடம் மாறுகிறது. சோம்பேறி என்கிறார்கள் பள்ளியில். டிஸ்லெக்சியாவாக இருக்குமோ? – ஒரு தந்தை, சென்னை

கடிதத்தை வைத்து நான் சொல்லக் கூடாது, இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு உடனே பார்க்கவேண்டிய விஷயம் என்று மட்டும் சொல்வேன். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிந்தும் சொல்லாத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் குறை இல்லை என்றால் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு. சென்னையிலேயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்கிறது. டிஸ்லெக்சியாவுக்கும் புத்திக்கும் சம்பந்தம் கிடையாது. சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவது சிலருக்குக் கடினமாக இருக்கிறது. அதற்கென்று படிப்படியாக, ஒலியும் எழுத்துமாகச் சொல்லிக்கொடுக்கும் முறை உண்டு, அப்படிச் சொல்லிக்கொடுத்தால் வாசிப்பார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இதையும் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஒருவர் என்று சலுகைகள் கேட்கலாம்.

மதிப்பீட்டில் உறுதியானால் மகளிடம் மறைக்காதீர்கள். பெரியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டால், பிள்ளை தானாக ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். அது என்ன பெயர் என்று மேலே ஒரு அம்மா எழுதியிருக்கிறாரே. "உனக்கு வாசிப்பு வேற வழியில வரும், அந்த வழி தெரிஞ்சவங்க கிட்டப் போறோம்" என்று சொல்லுங்கள். அவள் சொல்லும் கதைகளை நீங்கள் எழுதி, தேதி போட்டு, ஒரு நோட்டில் சேர்த்து வையுங்கள்.

நான் எட்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். யாருக்கும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் தோழி இதை எழுதுகிறாள். டீச்சரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இனிமேல் எனக்கு வருமா? – ஒரு மாணவி

கண்ணு, இது உனக்கு. தோழியிடம் கொடுக்காதே. நீயே படி. சின்னச் சின்ன வரியாக எழுதுகிறேன்.

மெதுவாகப் படி. விரல் வைத்துப் படி. யாரும் பார்க்கவில்லை.

உனக்கு வரும். உனக்கு எழுத்து தெரியும். எழுத்துக் கூட்ட வருகிறது. பாதி வேலை முடிந்தது. மீதி, பழக்கம்.

உன் பள்ளியில் நூலகம் இருக்கும். 'வாசிப்பு இயக்கம்' புத்தகம் கேள். மெல்லிய புத்தகம். அதில் நாலு படி உண்டு. நுழை, நட, ஓடு, பற. நீ 'நுழை' எடு. ஒரு நாள் ஒரு கதை. அதையே மூன்று முறை படி. தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்குப் படித்துக் காட்டு. சின்னப் பிள்ளைக்குக் கதை படிக்கிற அக்காவைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

டீச்சரிடம் பேச வேண்டாம். ஒரு சீட்டு எழுது. "டீச்சர், எனக்கு வாசிக்க வரவில்லை. சொல்லித் தருவீர்களா?" மேசை மேல் வைத்துவிடு. உன் பள்ளியில் 'திறன்' வகுப்பு நடந்தால் அதில் சேர். உன்னைப் போல இன்னும் பலர் அங்கே இருப்பார்கள்.

இந்தப் பதிலைப் படித்து முடித்தாயா? எத்தனை நிமிஷம் ஆனது? நாளைக்கும் படி. எத்தனை நிமிஷம் என்று பார்.

அடுத்த கடிதத்தை நீயே எழுது. தப்பு இருக்கட்டும். நான் படிப்பேன்.